சீசன் முடிந்த பிறகு நேரங்களைப் படிப்பது எப்படி: மாஸ்டர்ஸ் விரைவோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான மாஸ்டர்ஸ் போட்டிகளில் 100, 200, 400 மீட்டர் ஓடுபவர்கள் சீசன் முடிந்ததும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. டிராக் ஓரத்தில், பெயர் அழைக்கும் வரிசையில், முடிவுப் பட்டியல் ஒட்டிய பலகைக்கு முன்னால் என்று எங்கே நின்றாலும் அதே கேள்விகள்தான் காதில் விழுகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளிதான கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. எனக்கு வர்ற மாசம் 45 ஆகுது. நான் எந்தப் பிரிவு?

உலக மாஸ்டர்ஸ் தடகள அமைப்பின் முறைப்படி டிராக் போட்டிகளுக்கு 35 வயதில் நுழையலாம். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒரு பிரிவு: 35–39, 40–44, 45–49 என்று போகும். போட்டி தொடங்கும் முதல் நாளில் உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. பல நாள் நடக்கும் போட்டியின் நடுவில் பிறந்தநாள் வந்தாலும் தொடங்கிய பிரிவிலேயே ஓடி முடிப்பீர்கள். சிறிய போட்டிகளில் அமைப்பாளர்கள் வேறு தேதியை வைத்துக் கணக்கிடுவதும் உண்டு. நுழைவுப் படிவத்தை நிரப்பும் முன் அறிவிப்பில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

சீசனுக்கு நடுவில் பிரிவு மாறியிருந்தால், பின்னால் திரும்பிப் பார்க்கும்போது இடங்களை ஒப்பிட வேண்டாம். மே மாதம் 40–44 பிரிவில் ஐந்தாவது, ஆகஸ்டில் 45–49 பிரிவில் இரண்டாவது என்பதிலிருந்து உங்கள் ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. கடைசிப் போட்டி முடிஞ்ச அன்னைக்கே உட்கார்ந்து எல்லாத்தையும் அலசணுமா?

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். தகவல்களை அன்று மாலையே எழுதுங்கள். காற்று எவ்வளவு, எந்த லேன், வார்ம்-அப் எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள் என்பதெல்லாம் இரண்டே நாளில் மறந்துபோகும். தீர்ப்பை 10 முதல் 14 நாள் தள்ளிப்போடுங்கள். கடைசிப் போட்டி மோசமாகப் போயிருந்தால் மொத்த சீசனும் மோசம் என்று தோன்றும், பதக்கம் கிடைத்திருந்தால் எல்லாமே சரியாக நடந்ததுபோல் தோன்றும். இரண்டையும் நம்பிப் பயிற்சித் திட்டத்தை மாற்றக் கூடாது.

3. நோட்டுல என்னதான் எழுதுறது? நேரம் மட்டும் போதாதா?

நேரம் மட்டும் எழுதிய நோட்டால் பயன் குறைவு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி போதும். அதில் இவை இருக்க வேண்டும்: தேதி, தூரம், ஹீட்டா (தகுதிச் சுற்று) ஃபைனலா, லேன், நேரம், அது மின்னணு நேரமா கைக்கடிகார நேரமா, காற்று அளவு, வெயிலா குளிரா, வார்ம்-அப்புக்கும் தொடக்கத் துப்பாக்கிக்கும் நடுவே எத்தனை நிமிடம், முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், அந்த வாரம் கடைசியாக முழுவேகத்தில் ஓடியது என்றைக்கு, உடம்பில் எங்காவது இறுக்கம் இருந்ததா (0 முதல் 10 வரை ஓர் எண்).

பலரும் விட்டுவிடுவது கடைசி இரண்டையும்தான். தொடை பிடித்துக்கொண்ட நாளுக்கு முந்தைய மூன்று வாரங்களைப் புரட்டிப் பார்க்கும்போது (12ஆம் கேள்வி) அவைதான் உதவும். ஓடாமல் விட்ட போட்டிகளையும் காரணத்தோடு எழுதுங்கள்.

4. ஸ்டாப்வாட்ச்ல 12.6 ஓடினேன். அடுத்த மாசம் மெஷின்ல 12.91. இவ்ளோ மோசமா போயிட்டேனா?

இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டம். கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட, 100 மற்றும் 200 மீட்டருக்கு 0.24 விநாடியும் 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டுவது வழக்கம். 12.6 என்பது 12.84 ஆகிறது. மீதி வித்தியாசம் 0.07தான், அதைக் காற்றே தந்திருக்கலாம்.

இந்த 0.24 ஏன் வருகிறது? துப்பாக்கியின் புகையையோ ஒளியையோ பார்த்த பிறகுதான் மனிதக் கை பொத்தானை அழுத்துகிறது, அதனால் தொடக்கம் தாமதமாகிறது. முடிவுக் கோட்டிலோ ஓடிவருபவரைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தத் தாமதம் இருப்பதில்லை. நேரம் எடுப்பவர் புகையைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் தவறு இன்னும் பெரிதாகும். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது; 100 மீட்டர் கடந்து வர அதற்கு 0.29 விநாடி வேண்டும். நண்பர் முடிவுக் கோட்டில் நின்று சத்தம் கேட்டு எடுத்துத் தந்த "வாழ்நாள் சிறந்த நேரம்" இப்படித்தான் பிறக்கிறது. நோட்டில் அதைத் தனி நிறத்தில் எழுதுங்கள், மின்னணு நேரங்களோடு கலக்காதீர்கள்.

5. என் பெஸ்ட் ஓட்டத்துக்குக் காத்து +2.4 போட்டிருக்காங்க. அது செல்லாதா?

போட்டியில் உங்கள் இடமும் பதக்கமும் செல்லும். சாதனையாக மட்டும் ஏற்க மாட்டார்கள், ஏனென்றால் 100, 200 மீட்டரில் பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் நோட்டில் அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள், காற்று அளவையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

100 மீட்டரை 10 விநாடியில் ஓடுபவருக்கு +2.0 காற்று சுமார் 0.10 விநாடி தரும். மெதுவாக ஓடுபவர் அதே காற்றில் அதிக நேரம் இருப்பதால் அவருக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். எதிர்காற்று கணக்கு அப்படியே தலைகீழ் ஆவதில்லை: அதே அளவு பின்காற்று தருவதைவிட எதிர்காற்று பிடுங்குவது அதிகம். ஆக +2.0 நாளுக்கும் −2.0 நாளுக்கும் நடுவே, ஓட்டக்காரரிடம் எந்த மாற்றமும் இல்லாமலேயே, 0.2 விநாடிக்கு மேல் வித்தியாசம் வரும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். இந்தப் பக்கத்தில் இனி வரும் பாதிப் பதில்கள் இதன் மேல்தான் நிற்கின்றன.

6. 200 மீட்டருக்கும் காத்துக் கணக்கு அதேதானே?

வரம்பு அதேதான், ஆனால் அந்த எண்ணை நம்பும் அளவு வேறு. 100 மீட்டரில் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 விநாடி அளக்கிறார்கள். 200 மீட்டரில் முதலில் வருபவர் நேர்ப்பாதைக்குள் நுழைந்ததும் தொடங்கி 10 விநாடி அளக்கிறார்கள். ஓட்டத்தில் ஏறக்குறைய 115 மீட்டர் வளைவு, மீதி 85 மீட்டர்தான் நேர்ப்பாதை. வளைவில் என்ன காற்று வீசியது என்று எந்தக் கருவியும் சொல்வதில்லை. நேர்ப்பாதையில் பின்காற்று என்றால் வளைவின் தொடக்கத்தில் அதே காற்று முகத்தில் அறைந்திருக்கும்.

லேனும் சேர்த்துப் பாருங்கள். உள் லேனில் வளைவு இறுக்கம், உடம்பு அதிகம் சாய வேண்டும், இடது காலுக்குச் சுமை கூடும். உயரமானவர்களுக்கும், இடது கெண்டைக்காலிலோ குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலஸ் தசைநாணிலோ தொல்லை உள்ளவர்களுக்கும் முதல் லேன் தெளிவாகவே பாதகம். சீசனில் மூன்று 200 ஓட்டங்களும் முதல் இரண்டு லேன்களிலேயே விழுந்திருந்தால் அந்த நேரங்களை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

7. பிளாக் வெச்சுதான் கிளம்பணுமா? எனக்கு முட்டியும் மணிக்கட்டும் ஒத்துக்கல.

மாஸ்டர்ஸ் போட்டிகளில் ஸ்டார்ட்டிங் பிளாக் (கால் ஊன்றிக் கிளம்பும் கட்டை) கட்டாயமில்லை, நின்றபடியும் கிளம்பலாம். எது உங்களுக்கு வேகம் என்பதைப் பயிற்சியில் முடிவு செய்யலாம். ஒரே நாளில், போதிய இடைவெளி விட்டு, பிளாக்கிலிருந்து மூன்று, நின்றபடி மூன்று என 20 மீட்டர் ஓடிப் படம் பிடியுங்கள். கால் முதலில் அசையும் கட்டத்திலிருந்து 20 மீட்டர் கோடு வரை ஃப்ரேம்களை எண்ணுங்கள். நின்று கிளம்புவது சமமாகவோ மேலாகவோ இருந்தால் தயங்காமல் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாக் வைப்பவர்களிடம் அதிகம் தென்படும் தவறு, இளைஞர்களின் அளவை அப்படியே வைப்பது. பொதுத் தொடக்க அளவு: முன் பிளாக் கோட்டிலிருந்து உங்கள் சொந்தப் பாதத்தால் 2 அடி, பின் பிளாக் 3 அடி. இடுப்பும் முட்டியும் அவ்வளவு மடங்காதவர்கள் இரண்டையும் கால்வாசிப் பாதமோ அரைப் பாதமோ பின்னால் தள்ளுங்கள். முதல் அடியிலேயே நிமிர்ந்துவிடுகிறீர்கள் என்றால் அநேகமாகப் பிளாக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. துப்பாக்கிக்கு முந்திக் கிளம்பினால் எச்சரிக்கையா நேரே வெளியேற்றமா என்பது போட்டிக்குப் போட்டி மாறுகிறது, வரிசையில் நிற்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. போன வருஷம் 12.95, இந்த வருஷம் 13.10. வயசாயிடுச்சு, அவ்ளோதானா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் எழுதப்பட்டது என்று சொல்லலாம். தொடர்ந்து பயிற்சி செய்யும் ஓட்டக்காரர்களின் வேகம் நடுவயதில் பத்து ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 சதவீதம் குறைகிறது. முதுமையில் இறக்கம் செங்குத்தாகிறது. 13 விநாடி ஓடுபவருக்கு அது வருடத்துக்கு 0.07, 0.08 விநாடி. உங்கள் சரிவு 0.15. வயதின் பங்கு அதில் பாதி. மீதிப் பாதியும் அதற்கு மேலும் காற்றுக்குள்ளேயே அடங்கிவிடும் (5ஆம் கேள்வி). ஒரு நேரத்தையும் இன்னொரு நேரத்தையும் வைத்து வயதைக் குற்றம் சாட்ட முடியாது.

ஒப்பிட வேண்டிய முறை இது. இரண்டு சீசன்களிலும் மின்னணு நேரம் மட்டும் எடுங்கள். காற்று −1.0 முதல் +2.0 வரை இருந்தவற்றை மட்டும் வையுங்கள். ஒவ்வொரு சீசனிலும் சிறந்த மூன்றை எடுத்து நடுவில் உள்ளதை ஒப்பிடுங்கள். மூன்று கிடைக்கவில்லையா? அப்படியானால் அந்த சீசனில் போதிய ஓட்டங்கள் இல்லை, அடுத்த ஆண்டு அட்டவணையில் இன்னும் இரண்டு போட்டிகளைச் சேர்க்க வேண்டும்.

விரைவோட்டக்காரர் கிம் காலின்ஸ் 1976 ஏப்ரலில் பிறந்தவர். 2016 மே மாதம், 40 வயது முடிந்த பிறகு, 100 மீட்டரை 9.93 விநாடியில் ஓடினார். அது அவருடைய வாழ்நாள் சிறந்த நேரம். பின்காற்று +1.9. அவரைப்போல் எல்லோராலும் முடியும் என்று இதற்குப் பொருள் இல்லை, ஆனால் நல்ல பயிற்சியும் நல்ல காற்றும் ஒரே நாளில் அமைந்தால் ஒரு வருட வயதுக் கணக்கு எவ்வளவு சிறியதாகிவிடுகிறது என்று இதில் தெரிகிறது.

9. வயசுக்கேத்த சதவீதம்னு ஒண்ணு போடுறாங்களே, அது என்ன?

ஒவ்வொரு வயதுக்கும் பாலினத்துக்கும் தூரத்துக்கும் ஓர் அளவு நேரம் அட்டவணையில் இருக்கும். அதை உங்கள் நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குகிறார்கள். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: அளவு நேரம் 11.70, நீங்கள் ஓடியது 13.00 என்றால் 90 சதவீதம். வயது ஏற ஏற அளவு நேரமும் கூடுவதால், நேரம் குறையாமலேயே சதவீதம் உயரலாம்.

பல ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்க இது நல்ல கருவி. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அட்டவணை அவ்வப்போது திருத்தப்படுகிறது. பழைய ஆண்டுகளைப் பழைய அட்டவணையிலும் புதியதைப் புதிய அட்டவணையிலும் போட்டு ஒப்பிட்டால் தவறான முடிவு வரும், எல்லாவற்றையும் ஒரே பதிப்பில் திரும்பக் கணக்கிடுங்கள். அடுத்தது, சதவீதம் காற்றைத் திருத்துவதில்லை. 8ஆம் கேள்வியில் சொன்ன வடிகட்டலை முடித்த பிறகே சதவீதம் போடுங்கள்.

10. ஹீட்ல சூப்பரா ஓடுறேன், ஃபைனல்ல கால் கனமாயிடுது. என்ன பண்றேன் தப்பா?

முதலில் நோட்டில் ஹீட்டுக்கும் ஃபைனலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது என்று பாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான் என்றால், காலையில் செய்த முழு வார்ம்-அப்பை மறுபடி செய்தவர்கள் அதிலேயே களைத்துப்போகிறார்கள். இரண்டாவது முறைக்கு 12 முதல் 15 நிமிடம் போதும்: மெல்லோட்டம், கால் வீசல், முழுவேகத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு 30 மீட்டர் ஓட்டம். நான்கு மணி நேர இடைவெளி என்றால் கதை மாறுகிறது. உடம்பு முழுதாகக் குளிர்ந்திருக்கும், முழு வார்ம்-அப்பும் வேண்டும். இடைவேளையில் ஒரேயடியாக உட்கார்ந்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். எளிதில் செரிக்கும் மாவுச்சத்து கொஞ்சம், தண்ணீர் அடிக்கடி மிடறு மிடறாக.

அடுத்த காரணம் பேராசைப் பதிவு. 100, 200, 400, கூடவே ரிலே என்று பெயர் கொடுத்தால் மூன்று நான்கு நாளில் ஆறேழு முழுவேக ஓட்டம் வந்துவிடும். ஐம்பதைக் கடந்தவருக்கு ஒரு முழுவேக ஓட்டத்திலிருந்து தசை மீள இரண்டு மூன்று நாள் ஆவது சாதாரணம். உங்கள் நோட்டில் மூன்றாம் நாள் நேரங்கள் எப்போதும் சரிந்தே இருந்தால், அடுத்த ஆண்டு ஒரு தூரத்தைக் கைவிடுவதுதான் சரியான வழி.

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள். 30 மீட்டர் எடுத்து மெல்ல வேகம் குறையுங்கள். ஹீட்டில் திடீரென்று பிரேக் போட்டு ஃபைனலை இழந்தவர்கள் உண்டு.

11. கடைசி 20 மீட்டர்ல எல்லாரும் என்னைத் தாண்டிப் போறாங்க. அங்க என்ன ஆகுது?

எல்லோருடைய வேகமும் அங்கே குறைகிறது. உங்களுடையது எவ்வளவு குறைகிறது என்று அளந்துவிடலாம், கருவி எதுவும் வாங்க வேண்டாம். 100 மீட்டர் ஹர்டில்ஸுக்கான (தடை தாண்டும் ஓட்டம்) மஞ்சள் அடையாளங்கள் பெரும்பாலான செயற்கை டிராக்குகளில் நேர்ப்பாதையிலேயே இருக்கின்றன. அந்த ஓட்டமும் 100 மீட்டரும் ஒரே கோட்டில்தான் தொடங்குகின்றன. முதல் அடையாளம் 13 மீட்டரில், அதன்பின் 8.5 மீட்டருக்கு ஒன்று, பத்தாவது 89.5 மீட்டரில். முதல், நான்காம், ஏழாம், பத்தாம் அடையாளங்களை எடுத்துக்கொண்டால் 13, 38.5, 64, 89.5 மீட்டர்: ஒவ்வொரு துண்டும் சரியாக 25.5 மீட்டர். பார்வையாளர் மேடையில் உயரமான இடத்திலிருந்து ஒருவர் போனில் விநாடிக்கு 60 ஃப்ரேமில் படம் பிடித்தால், மார்பு ஒவ்வொரு அடையாளத்தையும் கடக்கும் ஃப்ரேமைக் கண்டுபிடிக்கலாம். ஒரு ஃப்ரேம் 0.017 விநாடி. பக்கவாட்டுக் கோணத்தால் இரண்டு ஃப்ரேம் தவறு வரலாம், அதைவிடச் சிறிய வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

13.00 ஓட்டத்துக்கு ஒரு மாதிரிப் பிரிப்பு: 13 மீட்டர் வரை 2.85, அடுத்த துண்டுகள் 3.05, 2.88, 2.96, கடைசி 10.5 மீட்டருக்கு 1.26. நடுத்துண்டில் விநாடிக்கு 8.85 மீட்டர், முடிவில் 8.33. இந்த அளவு இறக்கம் இயல்பு. உங்கள் நான்காவது துண்டு (64 முதல் 89.5 மீட்டர்) மூன்றாவதைவிட (38.5 முதல் 64 மீட்டர்) 0.15க்கு மேல் நீண்டால் வேகத்தைத் தாங்கிப்பிடிப்பதில் குறை. மூன்றாவது துண்டே மெதுவாக இருந்து கடைசி வரை அப்படியே போனால் தாங்குதிறனில் பிரச்சினை இல்லை, உச்சவேகமே போதவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்கு 80 முதல் 120 மீட்டர் வரையான ஓட்டங்கள், நீண்ட இடைவெளியோடு. பின்னதற்கு 20 மீட்டர் ஓடிவந்து அதன்பின் 20 மீட்டர் முழுவேகம், எடைப்பயிற்சி, தாவல்கள். பலர் உச்சவேகம் குறைவாக இருக்கும்போது தாங்குதிறன் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரு சீசன் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதே படத்தில் அடிகளையும் எண்ணுங்கள். 100 மீட்டருக்கு 54 அடி என்றால் சராசரி அடி 1.85 மீட்டர், விநாடிக்கு 4.15 அடி. வயதோடு குறைவது பெரும்பாலும் அடியின் நீளம்தான். அடிகளின் வேகம் வெகுகாலம் நிலைக்கிறது. தரையைத் தள்ளும் விசை குறைவதும், பாதம் தரையில் அதிக நேரம் தங்குவதுமே காரணம். அதற்காகக் காலை வலிந்து முன்னால் எட்டி வைக்காதீர்கள். இடுப்புக்கு முன்னால் விழும் பாதம் பிரேக் போடும், பின்தொடையையும் கிழிக்கும்.

12. வருஷா வருஷம் சீசன் நடுவுல பின்தொடை பிடிச்சுக்குது. ஸ்ட்ரெச்சிங் பண்ணியும் கேக்கல.

முழுவேக ஓட்டத்தில் பின்தொடை கிழிவது பெரும்பாலும் கால் முன்னால் வீசி, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால். தசை நீண்டுகொண்டே விசையைத் தாங்கும் நொடி அது. வெறும் ஸ்ட்ரெச்சிங் அந்த வேலைக்குத் தசையைத் தயார் செய்யாது. நீண்டபடி சுமை தாங்கும் பலம் வேண்டும். மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி அதற்குத்தான். வாரத்துக்கு இரண்டு நாள், 5 முறை வீதம் இரண்டு சுற்று என்று தொடங்கி, பல வாரங்களில் 8 முறை வீதம் மூன்று சுற்றுக்கு உயர்த்துங்கள். முதல் இரண்டு வாரம் நன்றாக வலிக்கும். போட்டி வாரத்தில் புதிதாகத் தொடங்கக் கூடாது.

இனி நோட்டைப் புரட்டுங்கள். பிடித்த நாளுக்கு முந்தைய மூன்று வாரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் வேகத்தில் எத்தனை நாள் ஓடினீர்கள்? அநேகமாக இரண்டு வடிவங்களில் ஒன்று தெரியும். ஒன்று, முழுவேகமே இல்லாமல் மாதக்கணக்கில் முக்கால் வேகத்தில் ஓடிவிட்டு நேரே போட்டிக்குப் போனது. இன்னொன்று, 48 மணி நேரம்கூட இடைவெளி விடாமல் அடுத்தடுத்து முழுவேகம். முதல் வகைக்கு மருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது முழுவேகம், மொத்தம் 120 முதல் 200 மீட்டர் போதும். இரண்டாம் வகைக்கு இடைவெளியை 72 மணிக்கு நீட்டுங்கள்.

"டப்" என்று உணர்வோ சத்தமோ, மறுநாள் கருநீலத் திட்டோ, நடக்க முடியாத வலியோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். சாதாரணப் பிடிப்பு என்றால் திரும்பும் வழி படிப்படியானது: வலியில்லாத நடை, மெல்லோட்டம், பிறகு 60, 70, 80, 90 சதவீத வேகம். ஒரு படியில் வலி இருந்தால் அடுத்த படிக்குப் போகக் கூடாது. இரண்டு காலும் பலத்தில் சமமாகும் முன் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) போட வேண்டாம்.

13. 400 மீட்டர்ல முதல் 200 நல்லா வருது, அப்புறம் செத்துடறேன். ஸ்டாமினா கம்மியா?

முதலில் இரண்டு பாதி நேரங்களையும் எடுங்கள். உங்கள் 200 மீட்டர் சிறந்த நேரம் 28.0 என்று வைத்துக்கொள்வோம். 400இன் முதல் பாதியை 29.5 முதல் 30.0க்குள் கடப்பது நியாயம். இரண்டாம் பாதி அதைவிட 3 விநாடி கூடி 33 ஆனால் மொத்தம் 63க்குப் பக்கம். முதல் பாதி 28.6, இரண்டாம் பாதி 36.5 என்று நோட்டு சொன்னால் மொத்தம் 65.1. தாங்குதிறனைத் தேடிப் போவதற்கு முன் முதல் 200ஐ ஒரு விநாடி மெதுவாக ஓடுங்கள், ஒரு பயிற்சியும் கூட்டாமல் நேரம் குறையும். இரண்டு பாதியும் ஒழுங்காக இருந்தும் மொத்தம் மெதுவாக வந்தால் உங்கள் 200 நேரம்தான் முட்டுக்கட்டை, 11ஆம் கேள்விக்குப் போங்கள்.

14. பிபி மாத்திரை சாப்பிடறேன். ஊக்கமருந்துன்னு பிடிப்பாங்களா?

பிடிக்க வாய்ப்பு உண்டு, அதனால் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மாஸ்டர்ஸ் போட்டிகளிலும் ஊக்கமருந்துச் சோதனை நடக்கலாம். ரத்த அழுத்தக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதியாசைடு போன்ற சிறுநீர்ப் பெருக்கி இருக்கும். சிறுநீர்ப் பெருக்கிகள் எப்போதும் தடை. இன்சுலின், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவையும் அப்படியே. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளுக்குப் போட்டிக் காலத்தில் தடை. பீட்டா பிளாக்கர் (இன்னொரு வகை ரத்த அழுத்த மருந்து) தடகளத்தில் தடை இல்லை, ஆனால் இதயத் துடிப்பின் உச்சத்தைக் குறைக்கும். அதைத் தொடங்கிய ஆண்டில் 400 நேரம் சரிந்திருந்தால் அதையும் காரணங்களில் சேர்த்துப் பாருங்கள்.

நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். போட்டிக்காக ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டு முழுவேகத்தில் ஓடுவது உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டையில் உள்ள வேதிப்பெயரை மருத்துவரிடம் காட்டி, தடை இல்லாத மாற்று உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மருத்துவப் பயன்பாட்டு விலக்குக்கு விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. சீசன் முடிந்த ஓய்வுக் காலம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. ஓடும்போது நெஞ்சு அழுத்தம், தலைச்சுற்றல், மயக்கம் வந்திருந்தால் அடுத்த பயிற்சிக்கு முன்பே இதயப் பரிசோதனை.

15. எத்தனை வாரம் ஓய்வு எடுக்கலாம்? விட்டா எல்லாம் போயிடுமோன்னு பயமா இருக்கு.

ஸ்பைக்ஸையும் போட்டி வேகத்தையும் மூன்று நான்கு வாரம் ஒதுக்கி வையுங்கள். உடம்பை முழுவதுமாக நிறுத்த வேண்டாம்: வாரத்துக்கு இரண்டு நாள் எடைப்பயிற்சி, நடை, நீச்சல், சைக்கிள். அக்கிலஸ் தசைநாணுக்கு வாரக்கணக்கில் சுமையே இல்லாமல் விட்டுவிட்டுப் பிறகு திடீரென்று தாவ வைத்தால் அது தாங்காது. அதனால் குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்கும் பயிற்சியை மட்டும் ஓய்விலும் விடாதீர்கள்.

திரும்பி வரும்போது முதலில் புல்தரையிலோ மேட்டிலோ குறுகிய ஓட்டம். மேட்டில் கால் முழுநீளம் நீளாது, பின்தொடைக்குப் பாதுகாப்பு. டிராக், பிறகு ஸ்பைக்ஸ் என்று இரண்டு மூன்று வாரம் விட்டு விட்டுச் சேருங்கள்.

16. மூணு வருஷமா 13.0லேயே நிக்கிறேன். ஒரு முன்னேற்றமும் இல்ல. பயிற்சியை மாத்திடலாமா?

8ஆம் கேள்வியின் கணக்கை இங்கே போடுங்கள். வருடத்துக்கு 0.07, 0.08 என்றால் மூன்று வருடத்தில் வயது உங்களிடமிருந்து 0.2 விநாடிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். நேரம் அசையவில்லை என்றால் அந்த 0.2ஐப் பயிற்சி திருப்பித் தந்திருக்கிறது. 9ஆம் கேள்வியில் சொன்னபடி ஒரே அட்டவணையில் மூன்று ஆண்டுகளையும் போட்டுப் பாருங்கள், சதவீதம் ஏறியிருக்கும்.

மாற்ற வேண்டுமா என்பதை 11ஆம் கேள்வியின் துண்டு நேரங்கள் சொல்லும். மூன்று ஆண்டிலும் அதே துண்டு பலவீனமாக இருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் எடைப்பயிற்சி, ஸ்பைக்ஸ், பிளாக் அளவு, வார அட்டவணை என்று நான்கையும் மாற்றினால், அடுத்த சீசன் முடிவில் எது உதவியது எது கெடுத்தது என்று பிரிக்க முடியாது. ஒரு மாற்றத்துக்கு 8 முதல் 12 வாரம் கொடுங்கள். தொடங்கும் முன்பும் முடித்த பிறகும், காற்றில்லாத நாளில், அதே டிராக்கில், அதே ஸ்பைக்ஸில், 20 மீட்டர் ஓடிவந்து 20 மீட்டர் முழுவேகமாக மூன்று முறை ஓடிப் படம் பிடித்து, இரண்டு எண்களையும் நோட்டின் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.